அளந்து கொடுப்பவர்

சில டாக்டர்களுக்குக் கைராசி உண்டு என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் வந்து நாடியைத் தொட்டால் போதும், ஜுரம் இறங்கிவிடும். அதே மருந்தை இன்னொருவர் எழுதிக் கொடுத்தால் கேட்காது. இதில் உண்மை எவ்வளவு, பிரமை எவ்வளவு என்று விசாரிக்க நான் வரவில்லை. வைத்தியம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனத்தில் ஒரு முகமும் ஒரு கையும் வந்து நின்றுவிடுகின்றன. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். நம்மைக் குணப்படுத்துகிறவர் நம்மைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், “ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்” என்று வாயாரச் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவனாகிய எனக்கும் இந்தச் சித்திரம்தான் சௌகரியமானது. முகமில்லாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு எவனும் நாவல் எழுத முடியாது.

ஆனால் இன்றைய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில், கதிர் வைத்தியம் நடக்கும் பகுதியில், கைராசி என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நோயாளி அவரை அநேகமாகப் பார்ப்பதில்லை. குணமாகி வீட்டுக்குப் போகிறவர் டாக்டருக்குப் பழத்தட்டு வைத்துக் கும்பிடுவார். நர்ஸுக்கு நன்றி சொல்வார். இவருடைய பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. இவர் மருத்துவப் பௌதிக நிபுணர். இந்த நோயாளிக்கு இந்த இடத்தில் இவ்வளவு கதிர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் தீர்மானிக்கிறார். யந்திரம் அவ்வளவுதான் கொடுக்கிறதா, அந்த இடத்தில்தான் கொடுக்கிறதா, பக்கத்தில் இருக்கும் முதுகுத்தண்டையும் கண்ணையும் தொடாமல் கொடுக்கிறதா என்பது இவருடைய பொறுப்பு. பார்க்காத ஒருவருக்கு, பார்க்க முடியாத ஒன்றை, அளந்து கொடுக்கிற வேலை.

இந்த வேலைக்கு ஒருவரை எப்படித் தயார் செய்கிறார்கள்? அதை விசாரிக்கப் போன எனக்கு, அங்கே கற்றுக் கொடுக்கப்படுவது பௌதிக சாஸ்திரம் மட்டும்தானா என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

வெளிப்பார்வைக்கு விஷயம் சாதாரணமானது. நம் நாட்டில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள், இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கும் டிராம்பே நிலையம் 1962-ல் ஆரம்பித்த கதிரியல் பௌதிக டிப்ளமாவுக்குப் போகலாம். இல்லாவிட்டால் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மருத்துவப் பௌதிகத்திலேயே எம்.எஸ்ஸி. படிக்கலாம். எந்த வழியில் வந்தாலும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில், அனுபவஸ்தர் ஒருவரின் கீழ் பயிற்சி பெற்றாக வேண்டும். அதற்கு மேல், கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி என்ற பொறுப்பை ஏற்பதற்கு, 1983-ல் ஏற்படுத்தப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து எண்ணினால் இருபது வருஷப் படிப்பு. டாக்டர் படிப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் கல்யாணச் சந்தையில் இதற்கு இன்னும் விலை நிர்ணயமாகவில்லை போலிருக்கிறது. என் நண்பர் ஒருவரின் பெண் இந்தப் படிப்புப் படிக்கிறாள். பிள்ளை வீட்டார் வந்து, “பெண் டாக்டரா, இன்ஜினீயரா?” என்று கேட்டார்களாம். இரண்டும் இல்லை, ஆஸ்பத்திரியில் பௌதிகம் என்றதும், “ஓகோ, எக்ஸ்ரே எடுக்கிறதா?” என்று சமாதானம் அடைந்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுப்பதும் மதிப்பான வேலைதான். இது வேறு என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள் காப்பி ஆறிவிட்டதாம்.

காப்பி என்றதும் ஒரு கணக்கு ஞாபகம் வருகிறது. கதிரின் அளவுக்கு ‘கிரே’ என்று ஒரு அலகு இருக்கிறது. லூயி ஹரால்ட் கிரே என்ற ஆங்கில விஞ்ஞானியின் பெயரால் 1975-லிருந்து வழங்குவது. ஒரு கிலோ உடம்பில் ஒரு ஜூல் சக்தி தங்கினால் ஒரு கிரே. உடம்பு முழுவதிலும் ஒரே தடவையில் நான்கு கிரே பட்டு, வைத்தியமும் செய்யாமல் விட்டால், பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போவார்கள். அப்படிச் சாகடிக்கிற சக்தி மொத்தம் எவ்வளவு தெரியுமா? எழுபது கிலோ மனிதருக்கு 280 ஜூல். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான சூடான காப்பியை விழுங்கினால் உடம்புக்குள் போகிற வெப்பம் அவ்வளவுதான். உடம்பின் உஷ்ணம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறினால் அதிகம். தெர்மாமீட்டருக்குத் தெரியாது. தோலுக்குத் தெரியாது. மூக்குக்கோ நாக்குக்கோ காதுக்கோ தெரியாது.

மற்ற எந்த வேலையிலும் உலகம் நம்முடைய பிசகை உடனுக்குடன் நம்மிடம் சொல்லிவிடுகிறது. சாம்பாரில் உப்பு அதிகமானால் முதல் கவளத்தில் தெரிந்துவிடும். தையற்காரர் கழுத்தைக் குறுக்கி வெட்டினால் சட்டை தலையில் நுழையாது. கொத்தனார் சுவரைச் சாய்த்துக் கட்டினால் போகிறவன் வருகிறவன் எல்லாம் சொல்லுவான். இங்கே உலகம் வாயே திறப்பதில்லை. தப்பாகக் கொடுத்த கதிரும் சரியாகக் கொடுத்த கதிரும் கொடுக்கிற நேரத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நோயாளி எழுந்து, வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, “வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போவார். பிசகு வெளியே தெரிவதற்கு வாரங்கள் ஆகும். சில சமயம் வருஷங்கள் ஆகும்.

ஆரம்ப காலத்தில் இப்படி இல்லை. 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பிறகு, சில வருஷங்கள் வரையில் அளவுகோல் என்று எதுவும் கிடையாது. தோல் எப்போது சிவக்கிறது என்பதுதான் அளவு. சிலர் தங்கள் கையையே யந்திரத்துக்கு முன்னால் நீட்டி, அது எவ்வளவு பலமாக இருக்கிறது என்று சோதித்தார்கள். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்பவர் அப்படிக் கையைக் காட்டிக் காட்டி, கைகளை இழந்து, 1904-ல் உயிரையும் இழந்தார். எடிசன் அதோடு அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தோட்டத்தில், இப்படிக் கதிருக்குப் பலியான டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் நர்ஸுகளுக்கும் 1936-ல் ஒரு ஞாபகக் கல் நாட்டினார்கள். அதில் முதலில் பொறித்தவை 169 பெயர்கள். பிறகு இன்னும் பல சேர்ந்தன.

அந்தக் கல்லைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அளக்கிறவன் தப்பு செய்தால் முதல் தண்டனை அவனுடைய கைக்குத்தான். தர்ம நியாயப்படி பார்த்தால் அது ஒருவகையில் நேர்மையான ஏற்பாடு. இன்று அளக்கிறவர் பருமனான காங்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறார். அவர் மார்பில் ஒரு சின்ன வில்லை தொங்குகிறது. அவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அதைக் காலாகாலத்தில் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இது இருக்க வேண்டியதுதான், இதற்காகத்தான் 169 பேரும் செத்தார்கள். ஆனால் இதன் விளைவு என்ன? அவருடைய பிசகு இனி அவரைச் சுடாது, இன்னொருவரைத்தான் சுடும். தன் தோலில் சுடாத தப்பைப் பற்றி ஒருவன் தன் தோலில் சுட்டாற்போலக் கவலைப்பட வேண்டும். அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நண்பரின் பெண்ணிடம் இதைக் கேட்டேன். அவள் சிரித்தாள். “அப்படியெல்லாம் யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை, மாமா. தண்ணீர்த் தொட்டியைத்தான் காட்டுவார்கள்” என்றாள்.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் அல்லவா? ஆகவே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி போன்ற பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, அதை மனிதனாகப் பாவித்து, யந்திரத்தின் கீழ் வைக்கிறார்கள். தையற்காரரின் விரலுறை அளவுக்குச் சின்னஞ்சிறு காற்றறை ஒன்றை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு கதிர் சேருகிறது என்று அளக்கிறார்கள். அறையின் உஷ்ணம் ஏறினால் அந்தக் காற்று விரியும், அளவு மாறும். வெளியே மழைமேகம் கட்டி வாயு அழுத்தம் குறைந்தாலும் மாறும். இரண்டையும் பார்த்துக் கணக்கில் திருத்த வேண்டும். கோபால்ட் யந்திரமாக இருந்தால், அதன் வீரியம் ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகக் கரைந்துவிடும். மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். போன மாதத்துக் கணக்கை இந்த மாதம் போட்டால் தப்பு. “முதல் வாரத்தில் ஒரே கணக்கை என்னை மூன்று தடவை போடச் சொன்னார் எங்கள் ஸார். மூன்று தடவையும் ஒரே விடை. சரிதானே என்றேன். ‘மூன்று தடவையும் நீதானே போட்டாய்?’ என்று சொல்லி, நோட்டை வாங்கிப் பக்கத்து மேஜைப் பையனிடம் கொடுத்துவிட்டார்” என்றாள்.

எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நம்முடைய கல்விமுறை முழுவதும் ‘உன்னை நம்பு’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறது. மேடையில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தன்னம்பிக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ‘உன்னை அவ்வளவாக நம்பாதே, இன்னொருவன் சரிபார்த்தால் கோபித்துக்கொள்ளாதே’ என்று கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. இப்படிப்பட்ட சந்தேகத்தைக் கோழைத்தனம் என்று ஒருவர் சொல்லலாம். கோழையின் சந்தேகம் அவனை வேலை செய்யவிடாமல் தடுக்கும். இவர்களுடையது இன்னும் ஒரு தடவை தொட்டியில் தண்ணீரை நிரப்ப வைக்கிறது.

1951-ல் கானடாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். கோபால்ட் கதிரால் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்ய இரண்டு ஊர்கள் தயாராயின. ஒன்று ஒண்டாரியோவில் உள்ள லண்டன். இன்னொன்று கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சாஸ்கட்டூன். சாஸ்கட்டூனில் ஹரால்ட் ஜான்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் ஆகஸ்டிலேயே யந்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். உலகத்தில் முதல் என்ற பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவர்கள் நோயாளியைக் கூப்பிடவில்லை, அளக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆழம் ஆழமாக, பரப்பு பரப்பாக, வாரக்கணக்கில் அளந்தார்கள். அதில் முக்கியமான பங்கு சில்வியா ஃபெடோரக் என்ற இருபத்து நான்கு வயது மாணவியுடையது. அக்டோபர் 27-ம் தேதி லண்டன் ஊரில் முதல் நோயாளிக்கு வைத்தியம் நடந்து, பெயர் அங்கே போய்விட்டது. சாஸ்கட்டூனில் நவம்பர் 8-ம் தேதிதான் ஆரம்பித்தார்கள். நான்கு குழந்தைகளுக்குத் தாயான, நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி அங்கே முதல் நோயாளி. அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவள் உயிரோடு இருந்தாள். ஃபெடோரக் பின்னாளில், 1988 முதல் 1994 வரை, அந்த மாகாணத்தின் லெஃப்டினன்ட் கவர்னராக இருந்தார். அந்தப் பதவியைவிட, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களுக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. லண்டன் ஊர்க்காரர்கள் அவசரப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளில் ஒரு ‘முதல்’ போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனிதனுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அளவு என்றவுடன் நமக்கு ஓர் அறம் பரம்பரையாக வந்திருக்கிறது. களத்து மேட்டில் நெல் அளக்கிறவன் படியைக் குவித்து அளந்தால் தாராளம்; தலைதட்டி அளந்தால் கண்டிப்பு; விரலை உள்ளே விட்டு அளந்தால் பாவம். அதாவது, கூடக் கொடுப்பது புண்ணியம், குறைத்துக் கொடுப்பது பாவம். மருந்து விஷயத்தில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்போம். அதனால் எதற்கும் இரண்டு சொட்டுக் குறைத்தே போடு, ஆபத்தில்லை என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். கதிர் வைத்தியத்தில் இந்த இரண்டு தர்மமும் செல்லாது. வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு கிரே வீதம் ஐந்தாறு வாரம் கொடுக்கிறார்கள். கூடினால் நல்ல சதை வெந்துவிடும். குறைந்தால் நோய் பிழைத்துக்கொள்ளும், நோயாளி பிழைக்கமாட்டார். மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த எல்லை. வள்ளுவரும் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் மிகுதியையும் குறைவையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்லியிருக்கிறார். நாம்தான் மிகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊரைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் 1982-ல் கணக்குப் போடுவதற்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தார்கள். நோயாளிக்கும் யந்திரத்துக்கும் உள்ள தூரத்துக்காக ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அதுவரையில் கையால் செய்துவந்தார்கள். புதிய முறை அதைத் தானாகவே செய்துவிட்டது. அது தெரியாமல், பழக்கப்படி கையாலும் செய்துகொண்டே வந்தார்கள். ஒரே திருத்தம் இரண்டு தடவை. அதனால் பல நோயாளிகளுக்குக் கதிர் குறைந்துபோயிற்று. சிலருக்கு ஐந்து சதவீதம், சிலருக்கு முப்பது வரை. ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, ஒன்பது வருஷம். 1991-ல் மறுபடியும் வேறொரு புதிய முறை வந்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட அலறவில்லை. தோல் வேகவில்லை. நோயாளிகளுக்குச் சிரமம் குறைவாகவே இருந்திருக்கும். அங்கே வைத்தியம் மென்மையாகச் செய்கிறார்கள் என்று யாராவது புகழ்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. நோய் திரும்பி வந்தவர்கள் விதி என்று நினைத்திருப்பார்கள். புற்றுநோய் திரும்பி வருவது சகஜம்தானே? கூடக் கொடுத்துச் செய்யும் கொடுமை நம் கண்ணில் படுகிறது. குறைத்துக் கொடுத்துச் செய்யும் கொடுமைக்குச் சாட்சியே கிடையாது. எனக்கு இது வைத்தியத்தோடு நிற்கிற விஷயமாகத் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் கண்டிப்பைக் குறைத்தவர், நண்பரிடம் சொல்ல வேண்டிய உண்மையைக் கொஞ்சம் நீர்விட்டுச் சொன்னவர், எல்லாரும் தங்களை நல்லவர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டோக்கில் வேலை பார்த்தவர்களும் நல்லவர்கள்தாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி முகத்தின் விஷயத்துக்கு வருகிறேன். நண்பரின் பெண்ணிடம், “நீ கணக்குப் போடும் நோயாளிகளில் யாரையாவது பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன். “முதுகெலும்பைப் பார்த்திருக்கிறேன், நுரையீரலைப் பார்த்திருக்கிறேன், முகம் தெரியாது, மாமா. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது” என்றாள். ஸ்கேன் படத்தில் உடம்பை வாழைத்தண்டு நறுக்கினாற்போல் வில்லை வில்லையாகப் பார்க்கிறவள் அவள். முகம் தெரியாமல் இரக்கம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முகத்தைப் பார்த்து வரும் இரக்கத்தின் யோக்கியதை நமக்குத் தெரியாததா? ரேஷன் கடையில் தெரிந்த முகத்துக்கு ஓர் அளவு, தெரியாத முகத்துக்கு ஓர் அளவு. பந்தியில் சம்பந்தி வீட்டு இலைக்கு முந்திரி, கடைசி வரிசை இலைக்குச் சோறு மட்டும். முகம் தெரியாதவர் அளக்கும்போது ஜமீன்தாரின் நுரையீரலும் அவர் வீட்டுத் தோட்டக்காரனின் நுரையீரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீதி தேவதையின் கண்ணைக் கட்டியிருப்பதும் இதற்காகத்தானே?

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதோடு முடித்துக்கொள்ள ஒரு சம்பவம் இடம் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணம், டைலர் என்ற ஊர். 1986, மார்ச் 21. தெராக்-25 என்ற கதிர் யந்திரத்தின் கீழ் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். முதுகில் ஒன்பதாவது தடவையாகக் கதிர். வெளியறையில் யந்திரத்தை இயக்கிய பெண் கெட்டிக்காரி, விரல் வேகமாக ஓடும். ‘இ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ என்று அடித்துவிட்டு, உடனே கண்டு திருத்திவிட்டாள். அந்தத் திருத்தம் சில விநாடிகளுக்குள் நடந்துவிட்டதால், யந்திரத்துக்குள் இருந்த ஆணைத்தொடர் தடுமாறிவிட்டது. திரையில் ‘கோளாறு 54’ என்று வந்தது. கேட்ட 202 அலகில் 6 அலகுதான் போயிற்று என்றும் காட்டியது. அந்த யந்திரம் அடிக்கடி இப்படி ஏதாவது காட்டும். அவள் ‘மேலே செல்’ என்ற பொத்தானை அழுத்தினாள். உள்ளே இருந்தவருக்கு, முதுகில் யாரோ கொதிக்கும் காப்பியைக் கொட்டியது போல் இருந்ததாம். எழுந்திருக்க முயன்றார், இரண்டாவது தடவை கையில் பட்டது. ஓடிவந்து கதவைத் தட்டினார். அன்றைக்குப் பார்த்து உள்ளறையைக் காட்டும் டெலிவிஷன் இணைக்கப்படாமல் இருந்தது. பேச்சுக் கேட்கும் கருவியும் பழுது. அவர் மேல் பட்டது கேட்ட அளவைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ஐந்து மாதத்தில் இறந்துபோனார்.

யந்திரத்தைச் செய்த கம்பெனியின் இன்ஜினீயர்கள் வந்து சோதித்தார்கள். கோளாறு திரும்ப வரவில்லை. அதிகக் கதிர் வருவதற்கே வழியில்லை என்றார்கள். மின்சாரம் தாக்கியிருக்குமோ என்று அதையும் பார்த்தார்கள். ஏப்ரலில் யந்திரம் மறுபடி ஓடியது. ஏப்ரல் 11-ம் தேதி, அதே பெண், அதே திருத்தம், அதே ‘கோளாறு 54’. அந்த நோயாளி மூன்றே வாரத்தில் இறந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணர் ஃபிரிட்ஸ் ஹேகர் என்பவர். அவர் யந்திரத்தை நிறுத்தினார். அந்தப் பெண்ணை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நீ அன்று எப்படிச் செய்தாய், எந்த வரிசையில் அடித்தாய், எவ்வளவு வேகத்தில் அடித்தாய் என்று கேட்டுக் கேட்டு, இருவருமாகத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து, கடைசியில் ‘கோளாறு 54’-ஐ நினைத்தபோது வரவழைக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். கம்பெனிக்கு டெலிபோனில் சொன்னார். அவர்களுக்கு அங்கே முதலில் வரவில்லை. வேகமாக அடிக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வந்தது. அதற்கு முந்தின வருஷமே ஜார்ஜியாவில் ஒரு பெண் அதே வகை யந்திரத்தின் கீழ் படுத்திருந்து, என்னைச் சுட்டுவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறாள்; அப்படி நடக்காது என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் இப்படி ஆறு பேர்.

ஹேகர் செய்தது என்ன? திரையில் இருந்த எண் 6 என்றது. செய்தவர்கள் முடியாது என்றார்கள். எண்ணையே நம்பிப் பழகிய ஒரு மனிதர், அன்று எண்ணுக்கு எதிராக ஒரு நோயாளியின் வலியை நம்பினார். அந்தப் பெண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக எல்லா வசதியும் இருந்தும், அவளுடைய விரல்களைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டார். முகம் பாராமல் அளப்பது நியாயம் என்று சற்றுமுன் சொன்னேன். ஆனால் உள்ளறையில் படுத்திருப்பவரின் முகத்தைக் காட்டும் கம்பி கழன்றிருந்தால், அந்த நியாயம் குருடாகிவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும், காதைத் திறந்து வைத்திருக்கவும் வேண்டும். தன் கையைச் சந்தேகி, யந்திரத்தையும் சந்தேகி, படுத்திருப்பவர் சுடுகிறது என்றால் மட்டும் முதலில் நம்பு என்று இருபத்து மூன்று வயதில் ஒருவரைப் பழக்குவது லேசான காரியமல்ல. பாடத்திட்டத்தில் இதற்கு எத்தனை மார்க் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இவ்வளவு பழக்கியும் பிசகினால் என்ன செய்வது? பனாமா நாட்டில் 2000-க்கும் 2001-க்கும் இடையில் ஒரு புற்றுநோய் நிலையத்தில் இருபத்தெட்டு நோயாளிகளுக்கு அதிகக் கதிர் கொடுக்கப்பட்டுவிட்டது. நல்ல உறுப்புகளை மறைப்பதற்காக வைக்கும் ஈயக் கட்டிகளைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அது நான்கு கட்டிகளைத்தான் ஏற்கும். டாக்டர் ஐந்தாவது வேண்டும் என்றார். ஏற்கச் செய்வதற்கு ஒரு வழி கண்டுபிடித்துப் பதிந்தார்கள். கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் செய்யாமல், தவறான நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது. அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. யாரும் கையால் ஒரு தடவை போட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்க்கவில்லை. பலர் இறந்தார்கள். 2004-ல் கோர்ட்டு அங்கே வேலை பார்த்த பௌதிக நிபுணர்கள் இருவருக்கு நான்கு வருஷச் சிறைத்தண்டனை விதித்தது.

இறந்தவர்களின் குடும்பத்தார் தண்டனை வேண்டும் என்று கேட்டதில் நான் குற்றம் காணமாட்டேன். தாயைப் பறிகொடுத்தவனிடம் போய் கம்ப்யூட்டரின் குறையை விளக்க எனக்கு வாய் வராது. சரிபார்க்காமல் விட்டது பிசகுதான், சிறிய பிசகும் அல்ல. ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பிசகைச் சொன்னால் சிறை என்றால், ஸ்டோக்கில் 1991-ல் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பார்த்தவர் வாயைத் திறந்திருப்பாரா? நோட்டை மூடிவிட்டு, புதிய கணக்கையே இனிப் போடுவோம் என்று இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? உலகம் வாய் திறக்காத தொழிலில் தொழில் செய்கிறவரின் வாய் ஒன்றுதான் மிச்சம். அதையும் பூட்டிவிட்டால் வேறு கதி இல்லை. வேண்டுமென்று மறைத்தவருக்கும் அறியாமல் பிசகியவருக்கும் ஒரே விலங்கை மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அது நம் ஊருக்கு நெருக்கமானது. முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மனத்திலேயே வைத்திருந்து, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது, நம் பக்கத்தில் இத்தகைய வைத்தியத்துக்கு இடங்கள் மிகச் சொற்பம். இன்று மாவட்டத் தலைநகரங்களுக்குக்கூடக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்துக் கதிர் யந்திரங்கள் வந்துவிட்டன. சந்தோஷம்தான். திறப்பு விழாவும் தடபுடலாக நடக்கிறது. ரிப்பன் வெட்டுகிறவர், பக்கத்தில் டாக்டர்கள், பின்னால் பளபளவென்று யந்திரம்; பத்திரிகையில் படம் வருகிறது. அந்த யந்திரத்துக்கு ஒரு பௌதிக நிபுணர் போதுமா, அவர் போடுகிற கணக்கைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இருக்கிறாரா, காலையில் முதல் நோயாளி வருமுன் அளந்து பார்க்க அவருக்கு அரைமணி நேரம் விடுகிறார்களா என்று திறப்பு விழாவில் கேட்பவரைக் காணோம். இரண்டாவது பதவிக்கான காகிதம் ஏதோ ஒரு மேஜையில், ‘செலவு அதிகம்’ என்ற குறிப்போடு காத்திருக்கிறது. நாளைக்கு ஒரு பிசகு நடந்தால் கணக்கில் கையெழுத்துப் போட்டவரை விசாரிப்பார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தவரை யார் விசாரிக்கப் போகிறார்கள்?